பதினைந்துக்கு நாலு குறைச்சல்

(கல்லாற்றில் நடைபெற்ற இரங்கல் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)

ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மேலே பொன்முடி லயங்களிலிருந்தும் கீழே விதுரா பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே!

நம் டிரைவர் அண்ணாச்சி போய்விட்டார். எண்பத்தோரு வயது. கடைசி இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார் என்றாலும், போவதற்கு முதல்நாள்கூட, வாசலில் நின்ற ஜீப்பின் சத்தத்தைக் கேட்டு, "அந்தப் பயலுக்கு பிரேக் பிடிக்கிற இடம் தெரியலை" என்று திட்டினாராம். திட்டாமல் போயிருந்தால் அவர் நம் அண்ணாச்சியே இல்லை.

இந்தக் கூட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். நமக்கெல்லாம் அவர் டிரைவர் அண்ணாச்சி. மலையாளத் தோழர்களுக்குப் பட்டாளம் சேட்டன். மதினி கேட்டுக்கொண்டபடி இந்த உரை நம் பத்திரிகையில் வரும்போதும் பெயர் போடப்போவதில்லை. அவருக்குச் சேரவேண்டியது ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது. அது கைக்கு வரும்வரை வீட்டுப் பெயர் அச்சில் வரவேண்டாம் என்று அந்த அம்மாள் நினைக்கிறார். அந்தப் பாக்கியைப் பற்றித்தான் இன்று நாம் முக்கியமாகப் பேசவேண்டும். ஆனாலும் முதலில் மனிதரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

அவருடைய அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலை பிடுங்க வந்தவர். அண்ணாச்சி பிறந்தது லயத்தில். 1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாகாணத்தோடு போயின. செங்கோட்டையும் போயிற்று. பொன்முடி மலை கேரளத்தோடு நின்றுவிட்டது. லயத்தை யாரும் தூக்கி எடுத்து எல்லைக்கு அந்தப்பக்கம் வைக்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்தபோது நாம் வேறு மாநிலத்துக்காரர்கள் ஆகியிருந்தோம். இன்றைக்கும் நம்மில் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950-க்கு முன்னாலேயே இங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டு என்கிறார்கள். கூலிக்காரன் வீட்டில் 1950-ம் வருஷத்துக் காகிதம் எங்கே இருக்கும்? கூரை ஒழுகியே பாதி போயிருக்கும். காகிதம் என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள், இதற்குத் திரும்பி வருவோம்.

1962-ல் சீனாவோடு சண்டை வந்தது. அதற்குப் பிறகு அரசாங்கம் படையைப் பெருக்கிற்று. ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். 1963-ல், பத்தொன்பது வயதில், அண்ணாச்சி சேர்ந்தார். தேசபக்தியால் சேர்ந்தார் என்று மேடையில் சொல்லலாம்தான். அவர் நம்மிடம் சொன்னது வேறு: "மூணு வேளைச் சோறும் பூட்ஸும் கிடைக்கும்னாங்க." பூட்ஸைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்கவேண்டும். லயத்துப் பிள்ளைக்கு அட்டைக் கடியிலிருந்து காலைக் காப்பாற்றிய முதல் பொருள் அது.

அவரைப் போட்ட இடம் ஆர்மி சர்வீஸ் கோர். துப்பாக்கி தூக்குகிற படைக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் குண்டும் கொண்டுபோய்க் கொடுக்கிற படை அது. பெங்களூரில் லாரி ஓட்டப் பழக்கினார்கள். மலையில் பிறந்த பிள்ளை என்பதால் வளைவு அவருக்குப் புதிதில்லை. நம் கல்லாற்றிலிருந்து பொன்முடி ஏற இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைத் தலைச்சுமையோடு நடந்தே எண்ணியவர். ஜபல்பூரில் செய்த சக்திமான் லாரியைக் கொடுத்து ஸ்ரீநகரிலிருந்து லே போகிற பாதைக்கு அனுப்பினார்கள். நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை. நடுவில் ஜோஜிலா கணவாய், பதினோராயிரம் அடிக்கு மேலே. பனி விழுந்தால் மாதக்கணக்கில் வழி அடைத்துவிடும். அதற்குள் மேலே இருக்கும் படைக்குக் குளிர்காலச் சாமான் முழுவதும் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

சண்டையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. 1965-ல் பஞ்சாப் எல்லைக்குக் குண்டு ஏற்றினார், 1971-ல் கிழக்கே போனார், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஆனால் குளிரைப் பற்றிப் பேசுவார். எண்ணெய் உறைந்துபோய் என்ஜின் திரும்பாது. வண்டிக்கு அடியில் தகரத்தில் தீ வைத்துச் சூடேற்றுவார்களாம். இருட்டில் விளக்கில்லாமல் வரிசையாகப் போவதைப் பற்றியும் பேசுவார். முன்வண்டியின் பின் அச்சில் வெள்ளை பூசியிருக்கும். அதன்மேல் மட்டும் விழுகிற மாதிரி ஒரு சின்ன பல்பு. பின்னால் வருகிறவனுக்கு உலகத்தில் தெரிவது அந்த வெள்ளை மட்டும்தான். "அது நின்னா நாமளும் நிக்கணும். அது பள்ளத்துல போனா நாமளும் போகவேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரிப்பார். நம் சங்கத்துக் கூட்டங்களில் யாராவது மேலிருந்து வந்த முடிவை அப்படியே கைதூக்கி ஏற்றுக்கொண்டால், பின்வரிசையிலிருந்து அண்ணாச்சி, "வெள்ளையைப் பாத்து ஓட்டுறான்" என்று உரக்கச் சொல்வார். நம் தலைவர்களுக்கு அது பிடிக்காது. நமக்குப் பிடிக்கும்.

சண்டையில் டிரைவருக்கு மாலை விழுவது அபூர்வம் தோழர்களே. சுட்டவன் கதை ஆகிறான். சுடுவதற்குக் குண்டு கொண்டுபோனவன் கணக்கில் ஒரு டிரிப் ஆகிறான். 2005 நவம்பரில் ஆலப்புழை மாவட்டத்துக்காரரான மணியப்பன், எல்லைச் சாலை நிறுவனத்தின் டிரைவர், ஆப்கானிஸ்தானில் ஜரஞ்சு–டெலாராம் சாலை வேலைக்குப் போன இடத்தில் தாலிபான்களால் கடத்தப்பட்டார். நாலு நாளில் பிணமாகக் கிடைத்தார். முப்பத்தாறு வயது. அந்தச் செய்தி வந்த காலையில் அண்ணாச்சி கல்லாற்று டீக்கடையில் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். சாலை 2009 ஜனவரியில் திறக்கப்பட்டபோது, "அந்தப் பையன் பேரை வச்சாங்களா?" என்றுதான் கேட்டார். பத்திரிகையில் சாலை திறந்த படத்தைக் காட்டினோம். அதில் அந்தப் பேர் இல்லை.

இனி அவர் ஊர் திரும்பிய கதை. 1974-ல் அப்பா இறந்தார். அம்மா படுக்கை, கீழே இரண்டு தங்கச்சிகள். லயத்து வீடு என்பது செக்ரோலில் பேர் இருக்கிறவரைக்கும்தான் நம் வீடு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூத்த தங்கச்சி அப்பாவின் இடத்தில் கூடை மாட்டினாள், வீடு தப்பியது. குடும்பத்தைப் பார்க்க ஆண்பிள்ளை வேண்டும் என்று தந்தி போயிற்று. அண்ணாச்சி எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பதினோரு வருஷம் சேவை செய்திருந்தார்.

பென்ஷனுக்குப் பதினைந்து வருஷம் வேண்டும். சிப்பாய்க்கு அன்றும் அதுதான் கணக்கு, இன்றும் அதுதான். நாலு குறைச்சல். ஒரு தொகையைக் கையில் கொடுத்தார்கள். அதில் இளையவள் கல்யாணம் முடிந்தது. அத்தோடு அரசாங்கத்துக்கும் அவருக்கும் கணக்குத் தீர்ந்தது. 2015-ல் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்று தில்லியில் முன்னாள் வீரர்கள் போராடி வாங்கினார்களே, நாமும் அதை வாழ்த்தித் தீர்மானம் போட்டோமே, அன்றைக்கு அண்ணாச்சி கை தட்டினார். தட்டிவிட்டு, "எனக்குப் பதவியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை, ஒண்ணுக்கு ஒண்ணு சரிதானே" என்றார். நாம் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு முப்பது வருஷத்துக்குமேல் லாரி. முதலில் டாட்டா பென்ஸ், பிறகு லேலண்ட். தேயிலைப் பெட்டி, ரப்பர், தடி, திரும்பி வரும்போது நாகர்கோவிலிலிருந்து அரிசி, உப்பு, கருவாடு. அமரவிளைச் சோதனைச் சாவடியிலும் ஆரியங்காவிலும் அவர் விழித்த இரவுகளைச் சேர்த்தால் அதுவே சில வருஷம் வரும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து சாவடிகளை எடுத்தபோது, "நான் ஓட்டி முடிச்சப்புறம் வழியைத் திறந்திருக்கான்" என்றார்.

மோட்டார் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று 1961-லேயே வந்துவிட்டது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு, ஐந்து மணி ஓட்டினால் அரைமணி ஓய்வு என்றெல்லாம் அதில் அழகாக எழுதியிருந்தது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைவாக வைத்திருந்த முதலாளியை அது தொடவில்லை. அண்ணாச்சியின் முதலாளிக்கு ஒரே லாரி. ஒரு டிரைவர், ஒரு கிளீனர். நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி இப்படித்தான் ஒன்றும் இரண்டுமாக ஓடுகிறது. ஆக, இராணுவத்தில் பதினைந்துக்கு நாலு குறைந்தது. லாரியில் ஐந்துக்கு மூன்று குறைந்தது. எண்ணத் தெரிந்தவன் எழுதுகிற சட்டத்தில் நம் ஆள் எப்போதும் ஓர் எண்ணுக்கு வெளியே நிற்கிறான்.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். குடித்தார், ஓட்டும்போது குடித்ததில்லை, ஓட்டாதபோது சேர்த்துக் குடித்தார். கிளீனர் பையன்களைக் கை நீட்டியிருக்கிறார். சங்கத்துக்குச் சந்தா கொடுக்கப் பல வருஷம் முரண்டு பிடித்தார். "ரசீது புக் வச்சிருக்கிறவனைக் கண்டா எனக்குச் சாவடி ஞாபகம் வருது" என்பார். ஆனால் இந்த மலைப் பாதையில் இன்றைக்கு ஜீப்பும் பஸ்ஸும் ஓட்டுகிற நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் கையில் பழகியவர்கள். வளைவுக்குள் நுழையுமுன் கியரை மாற்று, வளைவுக்குள் மாற்றாதே. இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழி விடு. மழை பெய்து கல்லாறு சிவந்து வந்தால் வண்டியைப் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்து. காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பழகிய பிள்ளைகள் இன்றைக்கு அவரைச் சுடுகாட்டுக்கு ஏற்றிப்போன வண்டியை எத்தனை மெதுவாக ஓட்டினார்கள் என்று நாம் பார்த்தோம்.

இப்போது அந்தப் பாக்கி.

ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திவிடுகிற அந்தச் சின்னக் கொடிக்கு நாம் கொடுக்கிற காசு முன்னாள் வீரர்களின் நலனுக்குப் போகிறது. அண்ணாச்சி ஒவ்வொரு வருஷமும் கொடி வாங்கி லாரியின் கண்ணாடியில் ஒட்டுவார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அந்த நிதியிலிருந்தே, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் வரையிலான நிலையிலிருந்து வந்த, 65 வயதுக்கு மேற்பட்ட முன்னாள் வீரருக்கும், அப்படிப்பட்டவரின் விதவைக்கும் மாதாமாதம் உதவித் தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் முதல் தேதி தொட்டு வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 என்று உயர்த்தியிருக்கிறார்கள். மாவட்ட சைனிக் அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு அண்ணாச்சி பதினாறு வருஷம் வாழ்ந்தார். கொடி வாங்கினார், உதவி வாங்கவில்லை. ஏன்? நம் சங்கத்தில் ஒருவருக்கும் இப்படியொன்று இருப்பது தெரியாது. நாம் உலக அரசியல் பேசினோம். தில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் கண்டனத் தீர்மானம் அனுப்பினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரிடம், "அண்ணாச்சி, உங்க டிஸ்சார்ஜ் புக் எங்கே?" என்று ஒருநாள் கேட்கவில்லை. இது சங்கத்தின் குறை. மற்றவர் குறையை மேடையேறிப் பேசுகிற நாம் இதையும் மேடையில்தான் சொல்லவேண்டும்.

கேட்டபோது காலம் கடந்துவிட்டது. போன வருஷம் நம் இளைஞர் ஒருவர் இந்த உதவியைப் பற்றிப் படித்துவிட்டு ஓடிவந்து கேட்டார். புத்தகம் இல்லை. ஒரு காலத்தில் முன்பணம் வாங்கியபோது லாரி முதலாளி ஒருவர் ஈடாக வாங்கி வைத்துக்கொண்டாராம். பணம் அடைந்தது, புத்தகம் திரும்பவில்லை, முதலாளியும் காலமாகிவிட்டார். ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டால், புத்தகம் இல்லாமல் பேசவே முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். நகல் வாங்க வழியிருக்கிறது. அவர் இருந்த படையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதவேண்டும், அதற்குப் படை எண் வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. எண்ணைக் கேட்டதும், மகளின் பிறந்தநாளைக்கூட மறந்துபோயிருந்த அந்த மனிதர், படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மூச்சில் சொன்னார். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு! எழுதிக்கொண்டோம். தபால் போயிருக்கிறது. பதில் வருமுன் அவர் போய்விட்டார்.

விதவைக்கும் உண்டு என்றோமே, மதினிக்கு எழுபத்திரண்டு வயது. ஆனால் அண்ணாச்சி கல்யாணம் செய்தது பட்டாளத்தை விட்டு வந்த பிறகு. அதனால் அங்கே உள்ள ஏட்டில் மனைவி என்று ஒரு பேரே இருக்காது. இங்கே ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வாக்காளர் பட்டியலில் மலையாளத்தில் எழுதி அதைத் திரும்பத் தமிழில் எழுதியதால் மூன்றாவது மாதிரி. ஒரு பெண்ணுக்கு மூன்று பேர். நம் வீடுகளில் இது அதிசயமில்லை. எத்தனையோ தாய்மார்கள் இங்கே தலையாட்டுகிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் ஆள் எடுப்புக்கு ஓடிப் பழகுகிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் விதுரா சாலையில் அவர்கள் ஓடுவதைப் பார்க்கிறோம். 2022 ஜூனில் அக்னிபத் என்ற திட்டம் வந்தது. சேவை நாலு வருஷம். முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிலைத்து நிற்கலாம். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய். அதில் பாதி அவர்கள் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்தது. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அண்ணாச்சிக்குப் பதினைந்தில் நாலு குறைந்தது. இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே நாலுதான். அண்ணாச்சிக்கு "முன்னாள் வீரர்" என்ற சொல்லாவது இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு மதினிக்காக எழுதுகிறோம். இவர்களுக்கு நாளை எதைப் பிடித்து எழுதுவது?

போகாதே என்று நாம் சொல்லவில்லை. லயத்தில் வேலை இல்லாத பிள்ளையிடம் அதைச் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. அண்ணாச்சியிடமும் ஒரு பையன் கேட்டான். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "போ. ஆனா ஓட்டுற லைசென்ஸோட திரும்பி வா. வாங்குற எல்லாக் காகிதத்துக்கும் ரெண்டு நகல் எடுத்து ஒண்ணை அம்மாகிட்ட கொடு" என்றார். காகிதத்தை இழந்தவர் சொன்ன புத்தி அது. திட்டத்தை மாற்றச் சொல்லி நாம் போடவேண்டிய தீர்மானம் தனி. அது இந்தக் கூட்டத்தின் முடிவில் உங்கள் முன் வரும். வெள்ளையைப் பார்த்துக் கைதூக்க வேண்டாம். படித்துப் பார்த்துத் தூக்குங்கள்.

இப்போது வேலை. இந்த மலையில் அண்ணாச்சி ஒருவர் மட்டும் பட்டாளத்துக்குப் போனவர் அல்லர். போணக்காட்டிலும் பொன்முடியிலும் பாலோட்டிலும் இன்னும் சிலர் இருப்பார்கள். சிலர் வீட்டில் விதவைகள் மட்டும் இருப்பார்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புக், பழைய அடையாளத் தகடு, பதக்கம், மணியார்டர் அடிக்கட்டை, எதுவானாலும் சரி. ஒன்றுமே இல்லையென்றால் பெரியவரிடம் எண்ணைக் கேளுங்கள். அது அவருக்கு மறந்திருக்காது. எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்த வருஷமும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள்.

மதினிக்கு வேண்டிய கல்யாண அத்தாட்சிக்குப் பஞ்சாயத்து அலுவலகத்திலும், பேரை ஒன்றாக்க ஆதார் மையத்திலும் திங்கட்கிழமை போகிறோம். அந்தக் கல்யாணத்தை நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வேண்டும். பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், நமக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பிட்ட பாயசத்தைப் பற்றி இப்போதுதான் வெளியே பேசிக்கொண்டிருந்தீர்கள். அண்ணாச்சியிடம் பழகிய பையன் ஜீப் கொண்டு வருகிறான், எண்ணெய்க் காசு சங்கம் கொடுக்கும். காலை எட்டு மணிக்குக் கல்லாற்றுப் பாலத்தடியில் நிற்போம்.